ஆக்ஸிஜன் வைத்த அனுபவம்: உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

இரவு டூட்டி:
நாலு வருஷம் ஆகிறது, அந்தப் பாட்டில் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நிமோனியா கேஸ், வயதான அம்மா, நேசல் பிராங்ஸில் (மூக்கில் மாட்டும் டியூப்) நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஆக்ஸிஜன், ராத்திரி ஒன்றரை வரை சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 95 சதவீதம். இரண்டு மணிக்குள் 88 என்று அலாரம் அடிக்கிறது. நோய் கூடுகிறது போல என்று 5 வைத்தேன், அசையவில்லை. மாஸ்க்குக்கு மாற்றி 8 வைத்தேன், 86. தலைமாட்டை உயர்த்தினேன், சாச்சுரேஷன் பார்க்கும் புரோபை வேறு விரலில் மாட்டிப் பார்த்தேன், டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த அம்மா இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு முட்டுகிறார். கீழே படுத்திருந்த மகள் எழுந்து வந்து கேட்டாள்: "சிஸ்டர், அந்தத் தண்ணி எப்பவும் கொப்புளிச்சுக்கிட்டே இருக்குமே, இப்ப ஏன் சும்மா இருக்கு?"

ஹியூமிடிஃபையர் பாட்டில்! ஆக்ஸிஜன் அந்தத் தண்ணீர் வழியாகக் கொப்புளித்து ஈரமாகித்தான் போகும். ஒன்றரைக்குத் தண்ணீர் மாற்றியது நான்தான். வாயு ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டரோடு சேரும் நட்டு கோணலாக ஏறியிருக்கிறது. மீட்டரில் பந்து 8-இல் அழகாக நிற்கிறது, வாயு முழுக்க அந்த நட்டு வழியாக வெளியே போகிறது. பக்கத்துப் படுக்கையின் நெபுலைசர் இரைச்சலில் கசிவுச் சத்தமும் கேட்கவில்லை. கழற்றி நேராக மாட்டினேன், கொப்புளம் வந்தது, ஐந்து நிமிஷத்தில் 94. அவர் பிழைத்தார், வீட்டுக்கும் போனார். ஆனால் வாயு வராத மாஸ்க்கை முகத்தில் கட்டி, அவர் விட்ட மூச்சையே அவரைத் திரும்ப இழுக்க வைத்திருக்கிறேன். அதுதான் போக மாட்டேன் என்கிறது.

ஐசியூ தம்பி:
அக்கா, என் கதை இதைவிடக் கேவலம். சுவரில் ஏர், ஆக்ஸிஜன் இரண்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், உள்ள ஒருவருக்கு ஏர் வைத்து நெபுலைசேஷன் கொடுத்திருந்தார்கள், ஹேண்ட்ஓவர் அவசரத்தில் மாஸ்க் டியூபை நான் அதிலேயே சொருகிவிட்டேன். 21 சதவீதம். ஜன்னல் காற்றும் அதுவும் ஒன்றுதான். ரவுண்ட்ஸ் வந்த சீனியர் டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றுமே சொல்லாமல் டியூபை மாற்றிச் சொருகிவிட்டு ஏர் மீட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பழைய சிஸ்டர்:
இரண்டு ராத்திரி உட்கார்ந்தே கழித்த மனிதர், சிஓபிடி. அட்மிஷனில் யாரோ என்ஆர்எம் மாஸ்க் (பை வைத்தது, அதிக ஆக்ஸிஜன் தருவது), 15 லிட்டர் வைத்து அனுப்பியிருந்தார்கள். வார்டுக்கு வந்து அரை மணியில் 99. தூங்கிவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! தலைமாட்டு விளக்கை அணைத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன், பேசிக்கொண்டிருந்த மகனிடம் "அப்பா இப்பத்தான் கண் அசந்திருக்கார், சத்தம் போடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நாடி பார்க்கக் கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது, நாடி துள்ளுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முனகல்தான். மூச்சு எண்ணினேன், 10. ஏபிஜி என்ற ரத்த வாயு பரிசோதனையில் கார்பன் டை ஆக்ஸைடு 92, ரொம்ப அதிகம். ஆக்ஸிஜன் அளவுக்கு மீறிப் போனதில் அது தேங்கிவிட்டது. சாச்சுரேஷன் அப்போதும் 99தான், அது ஆக்ஸிஜனைக் காட்டும், கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டாது என்பது எனக்குப் படிப்பில் தெரியும், அந்த ஒரு மணி நேரம் தெரியவில்லை. பைபாப் (மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் மெஷின்) போட்டு இரண்டு நாளில் தெளிந்து வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னது: "அன்னைக்குத்தாம்மா நல்லாத் தூங்கினேன்."

புதுசு:
அதனால்தான் சிஓபிடி என்றால் 2 லிட்டருக்கு மேல் போகவே கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் யார் சொன்னாலும் ஏற்ற மாட்டேன். இதில் என்ன குழப்பம்?

பெட் நம்பர் ஏழு:
குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது தங்கச்சி. உன்னைப் போலவே ஒருவர் 2 லிட்டரைத் தாண்ட மாட்டேன் என்று நின்றதால், 78-இல் உதடு நீலமாகக் கிடந்த ஒருவரை நான் டூட்டி ஏறும்போது பார்த்திருக்கிறேன். என் கதை அவ்வளவுதான், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. லிட்டர் என்பது இலக்கு இல்லை, சாச்சுரேஷன்தான் இலக்கு. கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு 88 முதல் 92, மற்ற பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 94 முதல் 98. கேஸ் ஷீட்டில் அந்த எண் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கு. ஆக்ஸிஜன் மருந்துதானே, டோஸ் எழுதாத ஊசியைப் போடுவாயா? 2010-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் டாஸ்மேனியா ஆய்வு ஒன்று வந்தது, சிஓபிடி என்று கருதி ஆம்புலன்சில் ஏற்றிய 405 பேர். தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்த பக்கம் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், 88–92க்குள் அளந்து கொடுத்த பக்கம் 4 சதவீதம். கவனி, அளந்து கொடுத்தார்கள், கொடுக்காமல் இருக்கவில்லை. அப்புறம் மயக்கமாக இருக்கிறார் என்று பயந்து சட்டென்று மாஸ்க்கை உருவிவிடாதே, பழைய அளவுக்கும் கீழே விழுந்துவிடுவார், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆக்ஸிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் காற்றோடு கலந்து தரும் வெஞ்சுரி மாஸ்க் இருந்தால் அதை எடு: நீல முனை 24 சதவீதம், வெள்ளை 28, அந்த முனையிலேயே எத்தனை லிட்டர் என்று அச்சடித்திருக்கும். போர்வை அதன் ஓட்டைகளை மூடினால் கணக்கே தப்பிவிடும். சாதா மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்காதே, காரணம் இரவு டூட்டி சிஸ்டர் மேலே சொன்னதேதான். எண்ணைப் பார்க்கும் முன்னால் ஒரு நிமிஷம் மூச்சை எண்ணு. எல்லாரும் 20 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

புதுசு:
சரி அக்கா. திட்டுவது போலவே இருக்கிறது, ஆனால் சரி.

ஸ்ட்ரெச்சர்:
ஸ்கேனுக்குக் கூட்டிப்போன கதை. என்ஆர்எம், பை உப்பியிருந்தது, கிளம்பினோம். லிப்ட் வரத் தாமதம், அங்கே ஒரு கால் மணி. ஸ்கேன் அறை வாசலில் பார்த்தால் பை அவர் நெஞ்சில் வெற்றிலை போலத் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. சிலிண்டர் காலி. கிளம்பும்போது மீட்டரைப் பார்த்தேன், முள் சிவப்புக்கு மேலே இருந்தது, 'போதும்' என்று நினைத்தேன். திரும்பி ஓடிய அந்த நடைபாதை எவ்வளவு நீளம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது கணக்குப் போடாமல் நகர மாட்டேன். சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கு: 10 லிட்டர் சிலிண்டர், 150 பார் என்றால் சுமாராக 1500 லிட்டர், நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிஷம். இதில் பாதியைத்தான் நான் நம்புவேன், லிப்ட் என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் அப்பா:
நான் நர்ஸ் இல்லை, மகன். இங்கே எழுதலாமா தெரியவில்லை. அப்பாவுக்கு வீட்டில் கான்சன்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். காதுக்குப் பின்னால் டியூப் அழுத்திப் புண் வந்தது, மூக்கு காய்ந்து ரத்தம் வந்தது, அதையெல்லாம் சமாளித்துவிட்டோம். சிகரெட்டைத்தான் விடவில்லை. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு, டியூபைக் கழற்றித் தலையணையில் வைத்துவிட்டு லைட்டரைத் தட்டியிருக்கிறார். "நிறுத்திட்டேனேடா, அப்புறம் எப்படிடா?" என்று கருகிய மீசையோடு என்னைக் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பெட் நம்பர் ஏழு:
தாராளமாக எழுதுங்கள் சார். ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் சட்டையிலும் முடியிலும் போர்வையிலும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அப்போது ஒரு பொறி போதும். நிறுத்தி 20 நிமிஷமாவது போக வேண்டும், வெளியே காற்றாட உட்கார வையுங்கள். மெஷின் ஓடும் அறைக்குள் யாருமே பற்றவைக்கக் கூடாது. மூக்கு காய்ந்தது என்று வாசலின் தடவியிருந்தால் நிறுத்துங்கள், தண்ணீரில் கரையும் ஜெல்தான் தடவ வேண்டும். காதுக்குப் பஞ்சுறை போட்டு விடுங்கள், மெஷினின் ஃபில்டரை...

ஐசியூ தம்பி:
அக்கா, அவர் மீசையைப் பற்றித்தான் சொன்னார். நீங்கள் ஃபில்டர் வரைக்கும் போய்விட்டீர்கள்.

பழைய சிஸ்டர்:
விடு தம்பி, வாசலின் எனக்கே புதுசு. @இரவு டூட்டி, அந்த நட்டு விஷயத்தை மகளிடம் சொன்னீர்களா?

இரவு டூட்டி:
சொல்லவில்லை. "பாட்டில் சரியா மாட்டல, இப்ப சரியாயிடுச்சு" என்றேன், யார் மாட்டியது என்று சொல்லவில்லை. அவள் "நான் கேட்டது தப்பா சிஸ்டர்?" என்றாள். இல்லம்மா என்றேன். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அவள் தினமும் தரையில் படுத்துக்கொண்டு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.