கிளினிக் கொப்பி இல்லை, தம்பி லாகூருக்குப் போகிறான்: போலியோ மருந்து திரும்பப் போட வேண்டுமா?

கொக்குவில்காரி:
என் தம்பி 1993இல் பிறந்தவன். தைப்பொங்கல் கழிய லாகூருக்கு மேற்படிப்புக்குப் போகிறான், இரண்டு வருடப் படிப்பு. போலியோ தடுப்பு மருந்து எடுத்ததற்குப் பதிவு வேண்டுமாம். 95 ஒக்டோபரில் சாவகச்சேரிக்கு ஓடினபோது அம்மா காணி உறுதியையும் தோட்டையும் எடுத்துக்கொண்டா, கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் நின்றுவிட்டது. திரும்பி வந்தால் அலுமாரியே இல்லை. "எல்லாம் குடுத்தனான்" என்கிறா. எத்தனை தரம் என்று கேட்டால் கோபம் வருகிறது.

இரத்தம் சோதித்துப் பார்த்தால் தெரியுமா? முப்பது தாண்டினவருக்கும் போலியோ வருமா? அப்பாவும் கூடப் போய் ஒரு பத்து நாள் நிற்கப் போகிறார். அவர் 1956இல் பிறந்தவர், சின்னனில் சொட்டு மருந்தே குடித்ததில்லை.

நல்லூர்ப் பெடியன்:
இலங்கையில் 1993க்குப் பிறகு போலியோ இல்லை அக்கா. அது சின்னப் பிள்ளைகளுக்கு வாற வருத்தம். எங்கேயாவது ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மிசி_தென்மராட்சி:
தம்பி, கடைசி நோயாளி 1993 என்றது சரி. "சின்னப் பிள்ளைகளின் வருத்தம்" என்றது சரியில்லை. நான் மருத்துவ மாதுவாக இருந்து இளைப்பாறினவள், இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன். வைரஸ் எல்லா இடமும் சுற்றின காலத்தில் ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாருக்கும் அது தொற்றி முடிந்துவிடும், அதனால்தான் பிள்ளைகளின் நோயாகத் தெரிந்தது. வைரஸும் வராமல் மருந்தும் ஒழுங்காகப் போகாமல் ஒரு தலைமுறை வளர்ந்தால், பிறகு அது நுழையும்போது வளர்ந்தவர்களைத்தான் பிடிக்கும். 2006இல் நமீபியாவில் அப்படித்தான் நடந்தது. 2010இல் கொங்கோவின் புவான்ட் நுவார் நகரத்திலும் விழுந்தவர்களில் பெரும்பாலானோர் இளந்தாரிகள். வளர்ந்தவருக்கு வாதம் வந்தால் ஆபத்தும் கூட. பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் இறந்தால், பெரியவர்களில் பதினைந்து முதல் முப்பது வரை போகும்.

சரி, பயப்படுத்தினது போதும். பிள்ளை, உங்கள் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு, நான்கு, ஆறாம் மாதச் சொட்டுகள் 93க்கும் 94க்கும் இடையில் முடிந்திருக்கும். ஒன்றரை வயதுச் சொட்டும் இடப்பெயர்வுக்கு முந்தித்தான் வரும். 1995இலிருந்து தேசிய தடுப்பு மருந்து நாட்கள் வேறு நடந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையாக இருந்தாலும், முன்பு எத்தனை தரம் குடித்திருந்தாலும், திரும்பக் கொடுத்தோம். அந்த நாட்களுக்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தினதும் உண்டு. கொப்பி துலைந்ததற்காக உடம்புக்குள் போன மருந்து துலையாது.

மருந்து பழுதாகியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. தடுப்பு மருந்துகளில் வெக்கையைத் துப்பரவாகத் தாங்காதது இந்தச் சொட்டுத்தான். அப்போது எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்யில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி. திரி கொஞ்சம் கூடினால் புகை, குறைந்தால் குளிர் போதாது. எண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஐஸ் பொதி அடுக்கின பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், வேப்பமர நிழலில் வைத்துத்தான் திறப்போம். பிறகு குப்பியிலேயே ஒரு அடையாளம் ஒட்டி வந்தது. வட்டத்துக்குள் வெளிறின சதுரம், வெக்கை பட்டால் கறுக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியை ஒதுக்கிவிடுவோம். அதற்கு முந்தின காலத்தில் எங்கள் கையும் கண்ணும்தான். ஒரு தரம் பிடிக்காமல் போனால் அடுத்த தரம் பிடிக்கட்டும் என்றுதான் ஐந்து தரம், அதற்கு மேலும் கொடுப்பது.

அப்பாவைப் பற்றி: இலங்கையில் சொட்டு மருந்து தொடங்கினது 1962இல். அதற்கு முந்திப் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இயற்கையாகவே தொற்றி எதிர்ப்பு வந்திருக்கும். தொற்றின இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும், மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்குத் தடிமன் காய்ச்சல் போல வந்து போய்விடும். ஆனால் மூன்று வகை வைரஸுமே அவருக்குத் தொற்றினதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பத்து நாள் என்றாலும் போகிற இடம் பாகிஸ்தான், ஒன்றும் குடித்ததில்லை என்கிறீர்கள். டொக்டரிடம் கேட்டு ஊசியைத் தொடங்கட்டும்.

பெரியவர்கள் எல்லாரும் போய் இப்போது ஊசி கேட்க வேண்டாம், அது வீண் அலைச்சல். ஆனால் காட்டு வைரஸ், அதாவது மருந்திலிருந்து வராமல் இயற்கையாகவே சுற்றுகிற போலியோ வைரஸ், இன்னும் விடாமல் இருக்கிற இரண்டு நாடுகளில் பாகிஸ்தான் ஒன்று, மற்றது ஆப்கானிஸ்தான். அங்கே போகிறவர் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கடிதம் வாங்குகிற கதையை விடுங்கள்.

ஆய்வுகூடத்தான்:
இரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உயிருள்ள வைரஸையும் உயிர்க்கலங்களையும் வைத்துச் செய்கிற பரிசோதனை அது, சந்தியில் இருக்கிற லாப்பில் நடக்காது. வயது போகப் போக எதிர்ப்புப் புரதம் குறையும், குறிப்பாக மூன்றாம் வகைக்கு. அளவு குறைந்தால் பாதுகாப்பும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உடம்புக்கு நினைவு இருக்கிறது, வைரஸைக் கண்டால் திரும்ப உற்பத்தி செய்யும். வாதத்தைத் தடுக்க அது போதும். குடலில் வைரஸ் கொஞ்ச நாள் தங்கி அடுத்தவருக்குப் பரவுவதை மட்டும் அது முழுதாகத் தடுக்காது. பயணிகளுக்கு ஊக்கி ஊசி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொக்குவில்காரி:
நன்றி மிசி, அண்ணைக்கும் நன்றி. இன்னொன்று: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தரம் 7இல் ஊசி போட்டார்கள். அதில் போலியோவும் இருக்கிறதா? அவள் 2013.

மிசி_தென்மராட்சி:
இல்லைப் பிள்ளை, அது ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும். போலியோவுக்குக் கடைசிச் சொட்டு ஐந்து வயதில். உங்கள் மகள் முதல் நான்கு தரமும் மூன்று வகையும் சேர்ந்த பழைய சொட்டைக் குடித்தவள். 2016 ஏப்ரலில்தான் இரண்டாம் வகையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த குஞ்சுகளுக்கு இரண்டாம் வகைக்கு ஊசிதான் காவல். இரத்தத்தில் எதிர்ப்பு வரும், குடலில் அவ்வளவு வராது. எனக்குக் கவலை அந்த வயதுக்காரரில்தான். 2022இல் நியூயோர்க்கில் தடுப்பூசி போடாத ஒருவருக்கு வாதம் வந்ததும், 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தைக்கு வந்ததும் அந்த இரண்டாம் வகைதான்; காட்டு வைரஸ் இல்லை, சொட்டு மருந்தின் வைரஸ் பரவிப் பரவி மாறினது. இங்கே கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தால் பயமில்லை.

தம்பி வெளிக்கிடுவதற்குக் குறைந்தது நான்கு கிழமைக்கு முந்தி மருந்து எடுக்கட்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழசாகவும் கூடாது. சர்வதேசத் தடுப்பூசிப் புத்தகத்தில், அந்த மஞ்சள் புத்தகத்தில், திகதியும் முத்திரையும் வாங்க வேண்டும். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலில் கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பினால் ஒரு வேலையாகப் போய் வரலாம். நான்கு கிழமைக்கு மேல் நின்றவர் பாகிஸ்தானிலிருந்து வெளிக்கிடும்போதும் அதைக் கேட்பார்கள். அவன் இரண்டு வருடம் நிற்பதால் திரும்பி வருமுன் அங்கேயே இன்னொரு தரம் எடுக்க வேண்டிவரும். புத்தகத்தைப் பாஸ்போட்டோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடட்டும்.