புதுப்பிப்பு: எங்கள் முயல் புழுக்கை போட்டுவிட்டான்

கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு முயல் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்று நேற்று பதறி எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி உடனே மருத்துவரிடம் ஓடினோம். வலியில் சாப்பிடாமல் இருந்தால் குடல் இயக்கமே நின்றுவிடுமாம். அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு வலி மருந்து கொடுத்தார். கரைத்த உணவை ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகப் புகட்டச் சொன்னார்.

இரவு இரண்டு மணிக்கு ஐந்து புழுக்கை! மிளகு அளவுதான், கறுப்பாக, கெட்டியாக. எண்ணும்போதே அழுகை வந்துவிட்டது. காலையில் உலர்புல்லைத் தானே இழுத்து மென்றான். மதியம் கொண்டைக்கடலை அளவில், உடைத்தால் நார் தெரிகிற நல்ல புழுக்கை.

அப்புறம், திராட்சைக் கொத்து போல ஈரமாகக் கிடந்தது வயிற்றுப்போக்கு இல்லை. அது முயல் திரும்பத் தின்னும் மலம். குனிய வலித்ததால் தின்னாமல் விட்டிருக்கிறான். தையல் வீங்கவில்லை. இன்றிரவும் எண்ணிக்கொண்டிருப்பேன்.