ஆராதனையில் பறை இசைப்பது குறித்து

கேள்வி (சேலம்): நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறு ஆராதனையில் பறை இசைக்கவும், பின்னர் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் எங்கள் சபை இளைஞர்கள் விரும்புகிறார்கள். பறை சாவுக்குரியது என்று மூத்தவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அவர்களிடம் எவ்வாறு பேசுவது?

மறுமொழி: ஐயா, நம் ஆலய மணியும் அடக்க ஆராதனைக்கு ஒலிக்கிறது, அதை எவரும் விலக்கியதில்லை. 150ஆம் சங்கீதம் தம்புரோடும் நடனத்தோடும் துதிக்கச் சொல்லும்போது, பறைக்கு மட்டும் தடை வருவது அதை இசைப்பவரின் சாதியால்தான் என்பதை மூத்தவர்களிடம் மரியாதையோடு, ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுமொழி (ஏற்காடு): பந்தியில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கு நவம்பர் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால், தோட்டத் தொழிலாளர்களும் வரும்படி மாலையில் நடத்துவதே நியாயம் என்று கருதுகிறேன்.

மறுமொழி: அருளுரையில் பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியதாக்கிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையையும் விளக்கச் சொல்லுங்கள். பட்டியல் சாதித் தகுதி சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விரிவுபடுத்தப்பட்டும், தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் மறுக்கப்படுகிறது. அந்த ஆணை வெளியான ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிப்பதன் காரணம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.