மாதக் கடைசி வந்தாலே மனம் கனக்கிறது, உங்களுக்கு எப்படி?

கேள்வி (மயூர் விஹார், தில்லி):
வணக்கம். என் கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. சம்பளம் 7-ஆம் தேதிதான் வரும். வீட்டு வாடகையோ 1-ஆம் தேதி, வண்டிக் கடன் தவணை 5-ஆம் தேதி. 25 தாண்டிவிட்டால் பால் பாக்கெட் வாங்கக்கூட யோசிக்கிறேன். ஊரிலிருந்து அம்மா அழைத்தால் நிம்மதியாக இரண்டு வார்த்தை பேச முடிவதில்லை. இத்தனைக்கும் வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் மிச்சமே இருக்கிறது. மற்றவர்களுக்கும் இப்படித்தானா?

பதில் 1 (ஆர்.கே. புரம்):
நான் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே எங்களுக்குச் சம்பளம் வந்துவிடும் என்பதால், எங்கள் குடியிருப்பில் மாதக் கடைசி என்றால் கடைவீதிக்குப் போகும் நாள். மார்ச் மாதச் சம்பளம் மட்டும் ஏப்ரல் முதல் வேலை நாளில் வரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் புதுப் புத்தகச் செலவும் சேர்ந்து நிற்கும் அந்த நேரத்தில்தான் நீங்கள் சொல்லும் பாரம் எனக்குத் தெரிந்தது. சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை அம்மா, ஓரிரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பதில் 2 (கரோல் பாக்):
ஐயா சொல்வது முற்றிலும் சரி. நான் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் முடிந்து, வருகைப் பதிவேட்டை மூடி, விடுப்பையும் ஓவர்டைமையும் பார்த்த பிறகே சம்பளம் போட முடியும். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 26, 27 ஆனதும் சுமை தூக்கும் தோழர்கள் என் மேசையருகே வந்து நிற்பார்கள். வெயிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பேசுவார்கள், ரசீதுக் கட்டை அடுக்கிக் கொடுப்பார்கள், கடைசியில்தான் முன்பணம் என்ற சொல் வாயில் வரும். கொடுத்ததை அடுத்த சம்பளத்தில் பிடித்துவிடுவோம். ஆகவே அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்கே அவர்கள் வந்து நிற்கும்படி ஆகிவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. சகோதரி, முன்பணம் மட்டும் வாங்க வேண்டாம்.

பதில் 3 (துவாரகா):
தவணைத் தேதியை 10-க்கு மாற்ற முடியுமா என்று கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி கேட்கக்கூடும், தொகையைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் தவணைப் பணத்தை விடுமுறை நாளிலும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் மறு பக்கம் என இரண்டு அபராதம் விழும். வாடகையைப் பொறுத்தவரை, சம்பளத் தேதியைச் சொல்லி 8-ஆம் தேதி தரலாமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் உடனே சம்மதித்தார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தவணைத் தேதிக்கான கடிதத்தை இன்றே எழுதுகிறேன். வீட்டு உரிமையாளரிடம் கணவர் பேசுவார்.