இருவர் மனதில் ஒரே நினைப்பு: டெலிபதியா, குறிப்பறிதலா? வீட்டில் எப்படிச் சோதிப்பது?

(புனைபெயர்களில் எழுதும் நால்வரின் கேள்வி-பதில் இது.)

வினாக்குறி (கேள்வி):

வாய் திறக்கும் முன்பே “இதைத்தானே கேட்க வந்தாய்” என்று சொல்லிவிடும் தம்பதிகளும் உடன்பிறப்புகளும் எங்கும் உண்டு. இது மனத்திலிருந்து மனத்துக்கு நேராகப் போகிறதா, கூடவே இருந்து பழகியதால் வரும் ஊகமா? இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று வேண்டும். கையில் இருப்பது இரண்டு பேர், இரண்டு அறை, காகிதம், பேனா. ஐந்து குறிகள் கொண்ட 25 அட்டைச் சோதனையைப் பற்றிப் படித்தேன். அதை அப்படியே செய்தால் போதுமா? எத்தனை சரியாக வந்தால் கவனிக்க வேண்டிய எண்ணிக்கை? எங்கே ஏமாறுவோம்? நம்பலாமா கூடாதா என்ற வாதம் வேண்டாம், செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீட்டுக்கட்டு:

வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம். குறிக்கு ஐந்து வீதம் 25 அட்டை. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜெனர் உருவாக்கிய குறிகள் இவை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் இவற்றைக் கொண்டுதான் டெலிபதி போன்றவற்றைச் சோதித்தார். அச்சிட்டு வந்த அட்டைகள் சிலவற்றில், வெளிச்சம் சாய்வாகப் பட்டால் பின்பக்கமே குறியின் தடம் தெரிந்தது. வீட்டில் வரைந்தால் இன்னும் மோசம்: மார்க்கர் மை ஊறித் தெரியும், பால்பாயின்ட் பேனா அழுத்தினால் பின்னால் புடைக்கும்.

ஆகவே என் முதல் யோசனை, அட்டையை விட்டுவிடுங்கள். ஒரு தாயக்கட்டை போதும், ஆறு முகம் உள்ளது. 1 முதல் 5 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். அனுப்புபவர் “மனதில் தோன்றிய குறி” என்று தானாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் நினைக்கச் சொன்னால் பலரும் 7-ஐத்தான் நினைப்பார்கள். இருவரும் 7-ஐ நினைத்தால் அது தொடர்பு அல்ல, இருவருக்கும் பொதுவான சாய்வு. அதோடு, வந்த குறியே உடனே மறுபடி வராது என்று மனிதர்கள் நினைப்பார்கள். தாயக்கட்டைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அட்டைக்கட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒவ்வோர் ஊகத்துக்குப் பிறகும் எந்த அட்டை வந்தது என்று காட்டிக்கொண்டே போனால், மீதம் என்ன என்று எண்ணிவிடலாம். கவனமாக எண்ணுகிறவருக்கு எந்தச் சக்தியும் இல்லாமலே 25-க்குச் சராசரி எட்டுக்கு மேல் கிடைக்கும். வெறும் குருட்டு ஊகத்துக்குக் கிடைப்பது ஐந்துதான். எல்லாம் முடியும்வரை சரி, தவறு எதையும் சொல்லாதீர்கள்.

செய்முறை இது. இருவர் கைக்கடிகாரமும் நொடிக்கு நொடி ஒத்திருக்கட்டும். அனுப்புபவர் 100 முறை உருட்டி, வரிசை எண் போட்டுக் குறிகளை முன்பே எழுதி வைத்துக்கொள்கிறார். பிறகு நிமிடத்துக்கு மூன்று குறி வீதம், கடிகாரத்தைப் பார்த்து அடுத்ததற்குப் போகிறார். மற்ற அறையில் பெறுபவர் அதே நேரக் கணக்கில் தன் ஊகத்தை வரிசை எண்ணோடு எழுதுகிறார். “ம்”, “அடுத்தது”, சுவரில் தட்டுவது எதுவும் வேண்டாம். நட்சத்திரத்துக்கு ஒரு நொடி தாமதித்துத் தட்டுகிறோம் என்று தட்டுபவருக்கே தெரியாது, ஆனால் கேட்பவர் காது அதைப் பிடித்துக்கொள்ளும். 25-க்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஓய்வு. அப்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

கணக்கு: 100-இல் தற்செயலாக எதிர்பார்ப்பது 20, திட்ட விலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) 4. 30 அல்லது அதற்கு மேல் தற்செயலாகவே வர நூற்றில் ஒரு வாய்ப்புதான், அதை எல்லைக்கோடாக வையுங்கள். ஒரே ஒரு 25-ஐ மட்டும் செய்து 9 வந்தது என்று துள்ள வேண்டாம். இருபது ஜோடி உட்கார்ந்தால் ஒரு ஜோடிக்கு அது சும்மாவே வரும்.

100 என்று முடிவு செய்தால் 100-இல்தான் நிறுத்த வேண்டும். நன்றாகப் போகும்போது நிறுத்துவது, சரியில்லாதபோது “இது பழகுவதற்கு” என்று தள்ளிவிடுவது, “அடுத்த குறியோடு பொருந்துகிறதே” என்று பின்னால் நகர்த்திப் பார்ப்பது: வீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

மணிக்கட்டு:

சீட்டுக்கட்டு சொன்னது குறிப்பு கசியும் வழிகளை அடைக்கும் முறை. அடைப்பதற்கு முன் அந்த வழிகள் எவ்வளவு அகலம் என்று கையாலேயே தெரிந்துகொள்வது நல்லது. தசை வாசிப்பு என்பார்கள். 1880-களில் ஸ்டூவர்ட் கம்பர்லாந்து போன்றவர்கள் மேடையில் செய்துகாட்டியது.

நீங்கள் வெளியே போங்கள், மற்றவர் ஒரு சாவியை ஒளித்து வைக்கட்டும். திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள்: மேலே கட்டைவிரல், அடியில் இரண்டு விரல், காகிதத்தைப் பிடிக்கும் அளவு அழுத்தம். அவர் முழங்கை மடங்கித் தளர்வாக இருக்கட்டும். “சாவி, சாவி” என்று பொருளை நினைக்க வேண்டாம். “இடம், வலம், முன்னே, நில்” என்று திசையை மட்டும் உள்ளுக்குள் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை அடி எடுத்து வைத்துப் பாருங்கள். தவறான பக்கம் அவர் கை ஈரமணலில் இழுப்பதுபோல் கனக்கும். சரியான பக்கம் கனம் சட்டென்று விடும், சில சமயம் கை உங்களுக்கு முன்னே போகும். இடத்தைத் தாண்டிவிட்டால் கை பின்னே தங்கும். அங்கே நின்று மேலும் கீழும் நகர்த்தி உயரத்தைப் பிடியுங்கள்.

பலிக்காவிட்டால் பெரும்பாலும் காரணம் இறுக்கிப் பிடிப்பது, அல்லது அவசரம். அவர் வேண்டுமென்றே விறைத்துக்கொண்டாலும் வேலை செய்யாது. நினைப்பால் தானாக எழும் இந்த நுண்ணசைவை உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் 1852-இலேயே விளக்கியிருக்கிறார்.

தொடாமலும் இது நடக்கும். ஜெர்மனியில் குளம்பால் தட்டி விடை சொல்லிக் கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்து 1907-இல் முடிவுகளை வெளியிட்டார். கேட்பவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே குனிவார், சரியான எண்ணில் இம்மியளவு நிமிர்வார். குதிரை அந்த நிமிர்வில் நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் கண்ணில் படாதபோதும் அதால் முடியவில்லை. இதில் என்னை மிகவும் தொட்டது இதுதான்: காரணம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை. ஆகவே “நான் ஜாக்கிரதையாக முகத்தை வைத்துக்கொள்கிறேன்” என்பது பாதுகாப்பே அல்ல. விடை தெரிந்தவர் எவரும் பெறுபவரின் கண்ணிலோ காதிலோ படக் கூடாது, எழுதி உதவுபவர் உட்பட.

இடைவெளி:

இரண்டு பதிலுமே அருமை. கேள்வியில் இருந்த அன்றாடப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

“வாய் திறக்கும் முன்பே” என்பது நிஜமாகவே நடக்கிறது. பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வு அதைத்தான் காட்டியது. ஆனால் ஒரே ஒரு சொல்லைத் தயார் செய்து சொல்லவே ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆகும். அதாவது எதிராளி முடிக்கும் முன்பே அவர் எங்கே போகிறார் என்று எல்லோரும் கணித்துவிடுகிறோம், முன்பின் தெரியாதவர்களோடும்கூட.

நெருக்கமானவர்கள் இதில் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று பார்க்க ஒரு சோதனை. “இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாயே” என்ற ஒரே வாக்கியம். நான்கு பொருள்: மகிழ்ச்சி, சந்தேகம், குத்தல், வெறும் தகவல். தாயக்கட்டை 1 முதல் 4 வரை தீர்மானிக்கட்டும், 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டல். சொல்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே முறை சொல்ல வேண்டும். 24 முறை, தற்செயல் 6. தொடங்கும் முன் “எத்தனை புரியும்” என்று சொல்பவர் எழுதி மடித்து வைக்கட்டும். அதே குரல்களை அதிகம் பழகாத ஒருவரும் கேட்டு எழுதட்டும். 2011-இல் உளவியலாளர் சவிட்ஸ்கியும் கூட்டாளிகளும் வெளியிட்ட இதே மாதிரிச் சோதனையில் துணைவர்கள் அந்நியர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளவில்லை. தன் துணைக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் கூடுதலாக இருந்தது. வீட்டுச் சண்டைகளில் பாதி “சொல்லாமலே தெரிய வேண்டாமா” என்று தொடங்குவதால், அந்த மடித்த காகிதத்தைப் பிரிக்கும் நேரம்தான் இதில் எனக்கு முக்கியம்.

“நினைத்தேன், உடனே போன் வந்தது” என்பதற்கு: நினைப்பு வந்ததும் நேரத்தோடு ஒரு வரி, அழைப்பு வருவதற்கு முன்பே. பத்து நிமிடத்துக்குள் வந்தால்தான் கணக்கு. நினைத்தும் வராதவை, நினைக்காமலே வந்தவை இரண்டையும் எழுதுங்கள். நினைவு தானாக வைத்துக்கொள்வது பலித்தவற்றை மட்டுமே. நான்கு வாரம் முடிந்ததும் முதல் வார நினைப்புகளை மூன்றாம் வார அழைப்புகளோடு, அதே கிழமை அதே நேரம் பார்த்து, பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே அளவு பொருந்தினால் காரணம் இருவரின் வழக்கமான நேரம்.

வினாக்குறி:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். அறைகள் அடுத்தடுத்து இருப்பதால், வேறு வேறு இடத்தில் இருந்து வீடியோ அழைப்பில் செய்யலாமா? 30-ஐத் தாண்டினால் அடுத்து என்ன செய்வது?

சீட்டுக்கட்டு:

வேறு இடம் நல்லது. வீடியோ வேண்டாம், ஒலி அழைப்பும் வேண்டாம். மூச்சின் ஏற்ற இறக்கமே போதும். நேரத்தை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இருவரும் தங்கள் தாளைப் படம் எடுத்து மூன்றாமவருக்கு அனுப்பட்டும், ஒப்பிடுவது அவர். தானே திருத்தினால் தெளிவில்லாத வட்டம் எப்போதும் தேவையான குறியாகவே கண்ணுக்குத் தெரியும்.

30-ஐத் தாண்டினால் அதே திட்டத்தை, வேறு தாயக்கட்டையோடு, இன்னொரு 100. முதல் 100-ஐ அதில் கூட்டாதீர்கள். இரண்டாவது தனியாக 30-ஐத் தொட வேண்டும்.

நான்கு படங்களில் ஒன்றைக் கண்டுபிடிக்கும் கன்ஸ்ஃபெல்ட் சோதனைகளிலும் (பெறுபவரின் கண்ணையும் காதையும் ஒரே சீரான ஒளி, ஒலியால் மூடிச் செய்வது) தற்செயலின் 25 சதவீதத்துக்கு மேல் வந்து, பெரிய விவாதம் நடந்தது. 1986-இல் சந்தேகிக்கும் பக்கத்து ஹைமனும் ஆதரிக்கும் பக்கத்து ஹானர்டனும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதி, முடிவை விட்டுவிட்டு முறைகளை எப்படி இறுக்குவது என்பதில் ஒத்துப்போனார்கள். எண்ணிக்கை எல்லைக்கோடு, நிறுத்தும் இடம், திருத்துபவர் யார்: இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதி, மூன்றாமவரிடம் கொடுத்த பிறகு முதல் உருட்டலை உருட்டுங்கள்.