மறு: ஒரே இடத்தில் கிடக்கும் இரட்டைக் கோடுகளுக்கு என்ன சொல்?

வணக்கம். வெட்டுவதற்காகக் கணினியில் வரைகிற படத்தில் ஒரே கோடு அதே இடத்தில் இரண்டு முறை விழுந்துவிடுகிறதே, அதற்கு நம் தமிழ்க் கையேட்டில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

> 'நகல் வளைவு' என்றால் எல்லோருக்கும் புரியும், அதையே வைத்துக்கொள்ளலாமே.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ஒரு துளையை வரைந்து நான்கு மூலைக்கும் காப்பி போடுகிறோம், அவையும் நகல்தான், அவற்றை யாரும் அழிக்கப் போவதில்லை. நாம் பெயர் தேடுவது அதே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்துகொண்டு திரையில் ஒரே கோடாகத் தெரிகிற சனியனுக்கு. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில்கூட இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்: உருவமும் அளவும் ஒத்தால் சர்வசமம், இடமும் சேர்ந்து ஒத்தால் 'ஒன்றின் மீது ஒன்று பொருந்தும்' கோடுகள். நகல் என்ற சொல்லில் அந்த இடம் வரவே இல்லை.

ஓசூர் லேசர் பட்டறைகளில் 'டபுள் லைன்' என்கிறார்கள். தகட்டில் ஒரு வட்டம் வெட்டி முடிந்து, துண்டு கீழே விழுந்த பிறகும் லேசர் தலை அதே வட்டத்தை மறுபடி சுற்றும், உருக்க இரும்பு இல்லாததால் ஓரம் கருகும், வெட்டின அகலம் கூடும், துண்டு விழாமல் சாய்ந்து நின்றிருந்தால் தலை அதில் இடிக்கவும் இடிக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டில் எழுத்துப் பொறிக்க ஸ்டென்சில் (கல்லின் மேல் ஒட்டும் எழுத்துத் தாள்) வெட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். பிளேடு இரண்டாம் முறை போகும்போது எழுத்தின் கூர்மூலை தூக்கிக்கொள்ளும், அப்புறம் மணல் பீய்ச்சினால் அந்த இடத்தில் கல் அரிக்கும்.

இதெல்லாம் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம் வரைந்தால் நடுக்கோடு தானாகவே இரண்டாகிவிடும். ரைனோ என்ற வரைபட மென்பொருளில் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் பழைய இடத்திலேயே போய் உட்காரும்.

> 'மேற்படி' எப்படி? மேலே கிடக்கும் படி.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கையேட்டில் 'மேற்படி கோட்டை அழிக்கவும்' என்று எழுதினால் பத்திரத்தில் 'மேற்படி நிலம்' மாதிரி முன்பு சொன்ன கோடு என்றுதான் படிப்பார்கள். 'மேற்படி சமாச்சாரம்' என்று சிரிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். 'மறைபடி'யும் வேண்டாம், மறைப்பது மென்பொருளில் தனிக் கட்டளை.

என் பரிந்துரை 'மிகைப்படி'. ரைனோவில் செல்டூப் (SelDup) என்ற கட்டளை என்ன செய்கிறது? ஒரே மாதிரி மூன்று கிடந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டைத் தேர்ந்தெடுக்கிறது, அழி விசையைத் தட்டினால் வேலை முடிந்தது. அந்த இரண்டும் மிகை, நின்றது மூலப்படி. செல்டூப்ஆல் (SelDupAll) என்ற கட்டளை மூன்றையும் பிடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் மூலப்படியும் போய்விடும். ஆகவே விளக்கத்தில் முதலாவது 'மிகைப்படித் தேர்வு', இரண்டாவது 'முழுப்படித் தேர்வு'. இடம் இந்தச் சொல்லிலும் இல்லையே என்பீர்கள், சரிதான், ஆனால் இது தேவைக்கு மேல் கிடக்கிறது என்பதாவது சொல்லிலேயே இருக்கிறது, மூலைத் துளையை யாரும் மிகை என்று சொல்லமாட்டார்கள். 'வளைவு' என்று பின்னால் ஒட்டவும் வேண்டாம். ரைனோவில் நேர்கோடும் வளைவுக் கணக்கில்தான் வருகிறது, நம் ஆட்களுக்கோ வளைவு என்றால் வளைந்திருக்க வேண்டும்.

ஆனால் 100 மி.மீ. கோட்டின் மேல் 60 மி.மீ. கோடு கிடந்தால் அது மிகைப்படி ஆகாது. செல்டூப் அதைத் தொடாது. ஆட்டோகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் ஓவர்கில் (OVERKILL) கட்டளை தொடும், இரண்டையும் ஒன்றாக்கியும் விடும், நாம் கொடுக்கிற டாலரன்ஸுக்குள் (எவ்வளவு விலகினாலும் ஒன்றாகவே கொள்ளலாம் என்ற அளவு) சற்றே விலகிக் கிடப்பதையும் சேர்த்துக்கொள்ளும். (டாலரன்ஸை அள்ளிக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற நல்ல கோடும் போகும், அது வேறு கதை.) ஆகவே ஓவர்கில்லை 'மிகைப்படி நீக்கம்' என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். பகுதி மட்டும் படிந்து கிடப்பதற்கு 'மேற்பொருந்தல்' என்று வைத்திருக்கிறேன், எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பட்டறைக்காரர் வாயில் வருகிற மாதிரி குட்டையாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

கட்டளையின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், விசைப்பலகையில் அப்படியே அடிக்க வேண்டியது அது.