அத்தை செருப்பில் ஒட்டிய தார்

சேலம் குடும்பக் குழு, ஞாயிறு

சுமதி அத்தை: கோவாவிலிருந்து நேற்று ராத்திரிதான் அஸ்தம்பட்டி வந்து சேர்ந்தோம். கடற்கரையில் நடந்ததில் காலெல்லாம் கருப்புப் பிசின். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசிலும் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் குதிகாலில் இன்னும் போகவில்லை.

செந்தில்: ரோடு போடுகிற தார் மாதிரி இருக்கிறதே அத்தை!

கவிதா: அது தார் உருண்டை. கடலில் கொட்டிய எண்ணெய் வெயிலிலும் அலையிலும் இறுகி இப்படி ஆகிவிடும். தென்மேற்குக் காற்று தொடங்கும் மாதங்களில் கோவா கரையில் அடிக்கடி ஒதுங்கும்.

ஏற்காடு பெரியப்பா: எந்தக் கப்பல் கொட்டியது என்று யாருக்குத் தெரியப் போகிறது? கடலில் போட்டது கடலோடு போச்சு.

கவிதா: இல்லை பெரியப்பா, கண்டுபிடிக்கலாம். என் வேலையே அதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாக்டீரியாவின் சவ்வில் இருந்த பொருள், பூமிக்கடியில் வெந்து, கச்சா எண்ணெயில் ஹோப்பேன் என்ற மூலக்கூறாகத் தங்குகிறது. பாசியிலிருந்து ஸ்டெரேன் என்ற இன்னொரு மூலக்கூறு வருகிறது. இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கும் என்பது எண்ணெய் ஊற்றுக்கு ஊற்று வேறு.

கவிதா: லேசான பகுதியெல்லாம் சில நாளில் ஆவியாகிவிடும். அப்புறம் கடல் பாக்டீரியா எளிதாகச் செரிக்கிறதைத் தின்னும். ஹோப்பேனை அவ்வளவு சுலபமாகத் தின்ன முடியாது. மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறினாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது.

ஏற்காடு பெரியப்பா: ஆறிப்போன காபியிலும் சிக்கரி தெரிந்துவிடுகிற மாதிரி.

கவிதா: அதேதான்! உங்கள் நாக்கு செய்வதை இங்கே கேஸ் குரோமட்டோகிராபி கருவி செய்கிறது. முடி போல மெல்லிய, 30 மீட்டர் நீளக் குழாயில் எண்ணெயைச் சூடாக்கி அனுப்பினால் ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும்.

செந்தில்: பம்பாய் எண்ணெயா, வளைகுடா எண்ணெயா என்றும் தெரியுமா?

கவிதா: பெரும்பாலும் தெரியும். பூக்கும் தாவரங்களிலிருந்து வரும் ஓலியனேன் என்று ஒன்று உண்டு. மும்பைக் கடலில் இருக்கும் பம்பாய் ஹை வயல் எண்ணெயில் அது இருக்கிறது. வளைகுடாவின் பழைய சுண்ணாம்புப் பாறை எண்ணெயில் பொதுவாக இருக்காது. அந்தப் பாறை உருவான காலத்தில் பூக்கும் செடிகள் பரவவே இல்லை.

சுமதி அத்தை: என் காலில் இருந்தது டைனோசர் காலத்துச் சமாச்சாரமா!

கவிதா: எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று சொல்கிறேன். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டிக் கிட்டத்தட்ட 4 கோடி லிட்டர் எண்ணெய் கொட்டியது. கரையில் கிடந்த தாரெல்லாம் அதனுடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சோதித்தால், சில உருண்டைகள் கலிபோர்னியா எண்ணெய்! 1964 நிலநடுக்கத்தில் வால்டெஸ் ஊரில் உடைந்த தார்த் தொட்டிகளிலிருந்து வந்ததாம். 25 வருஷம் கழித்தும் அடையாளம் அழியவில்லை.

ஏற்காடு பெரியப்பா: அப்போ செய்யாத தப்புக்கு ஒருவன் மாட்டாமலும் இது காப்பாற்றும்.

கவிதா: ஆமாம் பெரியப்பா. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கப்பல் தொட்டியிலிருந்தும் மாதிரி வேண்டும். தாமதித்தால் அந்த எண்ணெய் எரிந்தே தீர்ந்துவிடும். எனக்கு அதுதான் ஆதங்கம். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதிய பிறகு, மாணவியாக நானும் போய் வாளியில் எண்ணெய் அள்ளினேன். மீனவர்கள் முழங்கை வரை கருப்பாக நின்றார்கள். அங்கே எந்தக் கப்பல் என்று தெரிந்தது. தெரியாமல் இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்தப் படிப்பு படித்தேன்.

செந்தில்: படகு டீசலுக்கும் ஹோப்பேன்தானா?

கவிதா: டீசலில் அது கிட்டத்தட்ட இருக்காது, வடிக்கும்போதே பிரிந்துவிடும். அதற்கு வேறு சின்ன மூலக்கூறுகளைப் பார்ப்போம். அத்தை, செருப்பில் தார் இருக்கிறதா? அதிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டீர்களா?

சுமதி அத்தை: செருப்பைத் தொடவே இல்லை கண்ணு. தூக்கிப் போடலாம் என்று இருந்தேன்.

கவிதா: போடாதீர்கள்! சில்வர் கரண்டியால் சுரண்டி, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதிலிருந்து வேறு பொருள் கலந்துவிடும். கப்பல் பெயர் கிடைக்காது, எந்தப் பக்கத்து எண்ணெய் என்றாவது பார்க்கிறேன். புதன்கிழமை வருகிறேன்.

சுமதி அத்தை: ஊறுகாய் பாட்டில் ஒன்றை வெந்நீரில் கழுவி வைத்துவிட்டேன். கலங்குட் கடற்கரை, வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி என்று எழுதி ஒட்டியாயிற்று. போதுமா?

கவிதா: போதும் அத்தை. எங்கள் லேபில்கூட இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டார்கள்.